வீட்டில் கணினி அமைப்போருக்கான பாடம்: பொருத்தமான நினைவகத்தைக் கட்டுப்படியான விலையில் தெரிவு செய்தல்

குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்ஃபர்ட், சாட்வெல் ஹீத் பகுதிகளில் வாழும் பல குடும்பங்களில், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பெரியோரின் வேலை விண்ணப்பம், மருத்துவரைக் காண்பதற்கான முன்பதிவு, ஊரிலுள்ள உறவினருடனான காணொளி உரையாடல் ஆகிய அனைத்தும் ஒரே கணினியிலேயே நடைபெறுகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவடைந்ததைத் தொடர்ந்து, பழைய கணினியை மேம்படுத்தவோ, பாகங்களை வாங்கி வீட்டிலேயே புதிய மேசைக் கணினி ஒன்றை அமைக்கவோ பலர் எண்ணுகின்றனர்.

அவ்வாறு அமைப்போர் பெரும்பாலும் தவறிழைக்கும் இடம் ரேம் எனப்படும் நினைவகமாகும். விலை மலிவாக இருக்கிறதென்று வாங்கிய நினைவகம் கணினியில் பொருந்தாதுபோனால், செலவிட்ட முழுத்தொகையும் வீணாகலாம். எனவே இப்பாடம் ஒரேயொரு ஒழுங்கை வலியுறுத்துகிறது: முதலில் தாய்ப்பலகையைப் பாருங்கள், அடுத்து அதற்குப் பொருந்தும் நினைவகத்தைத் தெரிவு செய்யுங்கள், விலையை இறுதியாக ஒப்பிடுங்கள். இவ்வொழுங்கை மாற்றி, விலையிலிருந்து தொடங்குவோரே பெரிதும் நட்டமடைகின்றனர்.

1. நினைவகமும் சேமிப்பகமும் ஒன்றல்ல

கணினி விளம்பரங்களில் கிகாபைட் என்னும் அளவு இரண்டு இடங்களில் காணப்படும். “16 கிகாபைட், 512 கிகாபைட்” என எழுதப்பட்டிருப்பின், முதலாவது நினைவகத்தையும் இரண்டாவது சேமிப்பகத்தையும் குறிக்கும். சேமிப்பகம் வீட்டின் களஞ்சிய அறையைப் போன்றது. அரிசியும் பருப்பும் மாதக்கணக்கில் அங்கே இருக்கும். நினைவகம் சமையல் மேடையைப் போன்றது. இப்போது சமைப்பதற்குத் தேவையானவை மட்டுமே அதில் பரப்பி வைக்கப்படும். மேடை சிறியதாக இருப்பின், களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் சமையல் தாமதமாகும். ஒவ்வொரு பொருளையும் மீண்டும் மீண்டும் எடுத்துவர வேண்டியிருக்கும்.

இன்றைய நினைவகத்தின் அடிப்படையை ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட் வகுத்தார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1968 இல் வழங்கப்பட்டது. மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னேற்றம் இருப்பதும் இல்லாதிருப்பதுமே தரவாகக் கொள்ளப்படுகிறது. அந்த மின்னேற்றம் தானாகவே கசிந்துபோகும் இயல்புடையது; ஆதலால் கணினி அதனை ஒரு வினாடியில் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்றவுடன் நினைவகத்திலுள்ளவை அழிந்துபோவதற்கும், சேமிக்காத கட்டுரை மறைந்துபோவதற்கும் இதுவே காரணம்.

2. பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தங்கள்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுண்டு. நினைவகத்திற்கு ஐந்து போதும். ஆயினும் முதல் மூன்றில் ஒன்று தவறினாலும் கணினி இயங்காது.

முதலாம் பொருத்தம்: தலைமுறை

வீட்டுக் கணினிகளில் இன்று காணப்படும் நினைவகத் தலைமுறைகள் மூன்று.

• டிடிஆர்3: 2007 இல் அறிமுகமானது, 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட். பழைய கணினிகளில் மட்டுமே உள்ளது.
• டிடிஆர்4: 2014 இல் அறிமுகமானது, 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட்.
• டிடிஆர்5: இதற்கான தரநிலையை ஜெடெக் என்னும் அமைப்பு 2020 ஜூலையில் வெளியிட்டது, 288 தொடுமுனைகள், 1.1 வோல்ட்.

ஒரு தலைமுறையை மற்றொன்றின் இடத்தில் பயன்படுத்த முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒன்றேயெனினும், அடிவிளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. தவறான தலைமுறையைச் செருகவிடாமல் தடுப்பதே அவ்வெட்டின் பணி. பொருந்தவில்லையெனில் அழுத்தித் தள்ளாதீர்கள், தாய்ப்பலகை உடைந்துவிடும்.

எந்தத் தலைமுறை என்பதைப் பின்வருமாறு அறியலாம்.

• ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 தாய்ப்பலகைகள், அதாவது ரைசன் 1000 முதல் 5000 வரையிலான வரிசைகளுக்குரியவை: டிடிஆர்4.
• ஏஎம்டி ஏஎம்5 தாய்ப்பலகைகள், அதாவது ரைசன் 7000 முதலான வரிசைகளுக்குரியவை: டிடிஆர்5.
• இன்டெல் 10 ஆம், 11 ஆம் தலைமுறை: டிடிஆர்4.
• இன்டெல் 12 ஆம், 13 ஆம், 14 ஆம் தலைமுறை: தாய்ப்பலகையைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.
• இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசை மேசைக் கணினிகள்: டிடிஆர்5.

நான்காவது வரியை மிகக் கவனமாக வாசியுங்கள். இவ்வகையில் செயலியின் பெயரை மட்டும் அறிந்தால் போதாது. ஒரே செயலிக்கு இரு வகைத் தாய்ப்பலகைகள் விற்கப்படுகின்றன. சில தயாரிப்பாளர்கள் டிடிஆர்4 தாய்ப்பலகையின் பெயரின் இறுதியில் “டி4” எனச் சேர்ப்பதுண்டு. பெயரை ஊகிக்காமல், தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்தத் தாய்ப்பலகைக்குரிய பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்வதே பாதுகாப்பானது.

இரண்டாம் பொருத்தம்: நீளமும் உயரமும்

மேசைக் கணினிக்குரிய ரேம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுடையது. மடிக்கணினிக்குரியது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் மட்டுமே. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் மிகச் சிறிய மேசைக் கணினிகள் சில மடிக்கணினி ரேமையே பயன்படுத்துகின்றன. எனவே வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

உயரமும் முக்கியமானது. அலங்கார விளக்குகளும் பெரிய உலோகக் கவசமும் கொண்ட ரேம், செயலியின் மேலுள்ள பெரிய குளிர்விப்பானில் முட்டக்கூடும். உயரம் குறைந்த, அலங்காரமற்ற ரேம் விலையும் குறைந்தது, இடப்பிரச்சினையும் தராது.

மூன்றாம் பொருத்தம்: வீட்டுக் கணினியா, சேவையகமா?

இணையத்தில் வியப்பூட்டும் மலிவு விலையில் காணப்படும் பழைய ரேம்களிற் பல, நிறுவனங்களின் சேவையகங்களிலிருந்து கழற்றப்பட்டவை. இவை “ரெஜிஸ்டர்டு” வகையைச் சேர்ந்தவை. டிடிஆர்4 தலைமுறையில் இவை வீட்டுக் கணினியின் ஸ்லாட்டில் சரியாகப் பொருந்தும். ஆனால் கணினி தொடங்காது. பார்வைக்கு வேறுபாடு எளிதில் தெரியாமையால் இதுவே மிகவும் ஏமாற்றும் தவறாகும்.

ரேமில் ஒட்டப்பட்டுள்ள தாளில், “பிசி4” எனத் தொடங்கும் வரிசையில் வேகத்தைக் குறிக்கும் எண்ணின் பின் ஒரு சிறுகோடும் ஓர் ஆங்கில எழுத்தும் காணப்படும். அவ்வெழுத்து “யூ” எனில் மேசைக் கணினிக்குரியது. “எஸ்” எனில் மடிக்கணினிக்குரியது. “ஆர்” எனில் சேவையகத்திற்குரியது. பழைய ரேம் வாங்கும்போது இத்தாளின் தெளிவான படத்தை விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

நான்காம் பொருத்தம்: ஸ்லாட்டுகளும் உச்ச அளவும்

தாய்ப்பலகையில் இரண்டு அல்லது நான்கு ஸ்லாட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இடக்கூடிய உச்ச அளவும், மொத்தத்தில் ஏற்கப்படும் உச்ச அளவும் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். கணினி ஏற்கெனவே இயங்குவதாயின், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். அதில் செயல்திறன் பகுதியில் நினைவகத்தைத் தெரிவு செய்தால், எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன, ரேம் எவ்வேகத்தில் இயங்குகிறது என்பன தெரியும்.

ஐந்தாம் பொருத்தம்: வேகம்

முதல் மூன்றைப்போல் இது கடுமையான விதியன்று. வேகம் கூடிய ரேமைக் குறைந்த வேகத் தாய்ப்பலகையில் இட்டால், அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் இயங்கும். வெவ்வேறு வேகமுடைய இரண்டு ரேம்களை ஒன்றாக இட்டால், இரண்டும் மெதுவானதன் வேகத்திற்கு இறங்கும். ஆகவே, தாய்ப்பலகையும் செயலியும் ஏற்காத வேகத்திற்கு மேலதிகப் பணம் கொடுப்பது பயனற்றது.

தாய்ப்பலகைத் தயாரிப்பாளர்கள் தாம் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலைத் தமது இணையத்தளத்தில் வெளியிடுகின்றனர். பட்டியலில் இல்லாத ரேமும் இயங்கக்கூடும். எனினும் பட்டியலில் உள்ளது பாதுகாப்பானது.

3. பெட்டியிலுள்ள எண்களை வாசித்தல்

“டிடிஆர்4-3200 சிஎல்16” என்பதை எடுத்துக்கொள்வோம். 3200 என்பது ஒரு வினாடியில் நிகழும் தரவு மாற்றங்களை மில்லியன் கணக்கில் குறிக்கிறது. சிஎல் என்பது, தரவைக் கேட்டபின் அது வரத் தொடங்கும்வரை கழியும் சுழற்சிகளின் எண்ணிக்கை. இது குறைவாக இருத்தல் நன்று. ஆனால் சிஎல் எண்ணை மட்டும் தனியே ஒப்பிடுதல் தவறு. உண்மையான காத்திருப்பு நேரத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்: சிஎல் எண்ணை 2000 ஆல் பெருக்கி, வேகத்தால் வகுக்கவும். விடை நானோ வினாடியில் கிடைக்கும்.

• டிடிஆர்4-3200 சிஎல்16: 10 நானோ வினாடி
• டிடிஆர்4-3200 சிஎல்22: 13.75 நானோ வினாடி
• டிடிஆர்5-6000 சிஎல்30: 10 நானோ வினாடி
• டிடிஆர்5-4800 சிஎல்40: ஏறத்தாழ 16.7 நானோ வினாடி

முதலாவதும் மூன்றாவதும் காத்திருப்பு நேரத்தில் சமம். எனினும் டிடிஆர்5-6000 ஒரு வினாடியில் அனுப்பக்கூடிய தரவின் அளவு ஏறத்தாழ இருமடங்காகும். வீட்டுப்பாடம், மின்னஞ்சல், காணொளி உரையாடல் போன்ற வேலைகளில் இவ்வேறுபாடுகளை நீங்கள் உணர்வது அரிது. நினைவகத்தின் அளவு போதாமையையோ உடனே உணர்வீர்கள். ஆதலால் பணம் குறைவாயின், வேகத்தை விட்டு அளவைப் பெறுங்கள்.

இன்னொரு செய்தி. பெட்டியில் எழுதப்பட்டுள்ள வேகம் பல சமயங்களில் தானாகக் கிடைப்பதில்லை. ரேம் முதலில் தரநிலைப்படியான குறைந்த வேகத்திலேயே தொடங்கும். பயோஸ் அமைப்புக்குள் சென்று, இன்டெல் கணினியாயின் எக்ஸ்எம்பி என்பதையும், ஏஎம்டி கணினியாயின் எக்ஸ்போ அல்லது அதற்கிணையான தெரிவையும் இயக்க வேண்டும். அவ்வாறு இயக்கியபின் கணினி நிலைகுலையுமாயின், பழைய அமைப்புக்கே திரும்பிவிடுங்கள். ஓரளவு மெதுவான, நிலையான கணினியே வீட்டுக்கு உகந்தது.

4. எவ்வளவு நினைவகம் போதும்?

விண்டோஸ் 11 இற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 4 கிகாபைட். அவ்வளவில் கணினி தொடங்குமேயன்றி, நிம்மதியாக வேலை செய்ய இயலாது. நடைமுறையில் பின்வருமாறு கொள்ளலாம்.

• 8 கிகாபைட்: ஒருவர் இணையம், மின்னஞ்சல், கட்டுரை எழுதுதல் ஆகியவற்றுக்குப் பயன்படுத்த.
• 16 கிகாபைட்: பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. ஒரே வேளையில் இணையவழி வகுப்பும் பல உலாவிப் பக்கங்களும் திறந்திருக்கலாம். சாதாரண விளையாட்டுகளும் இயங்கும்.
• 32 கிகாபைட்: காணொளித் தொகுப்பு, பெரிய வடிவமைப்பு வேலைகள், புதிய பெரிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு.

உங்களது தேவையை ஊகிக்க வேண்டியதில்லை. வழக்கமாகச் செய்யும் வேலைகள் அனைத்தையும் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைப் பாருங்கள். அது தொடர்ந்து 85 சதவீதத்திற்கு மேல் நின்று, கணினியும் தாமதித்தால், அளவைக் கூட்டுவது பயனளிக்கும். 50 சதவீதத்திலேயே நின்றும் கணினி தாமதிக்குமாயின், குறை வேறிடத்தில் உள்ளது. சுழலும் பழைய வன்தட்டு அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்நிலையில் ரேம் வாங்குவது வீண்செலவு.

5. ஒன்றா, இரண்டா?

வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே இரண்டு தடங்கள் உள்ளன. 16 கிகாபைட் ரேம் ஒன்றை இட்டால் ஒரு தடமே பயன்படும். 8 கிகாபைட் ரேம் இரண்டை இட்டால் இரு தடங்களும் பயன்படும். தனியான கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்; ஏனெனில் திரைக்குரிய படங்களும் அதே நினைவகத்தையே பகிர்ந்துகொள்கின்றன.

நான்கு ஸ்லாட்டுகள் இருப்பின், செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் இடுவதே வழக்கம். இருப்பினும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளில் இட்டால் இரட்டைத் தடம் கிடைக்காமற் போகலாம்.

டிடிஆர்5 கணினிகளில் நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்ப விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு அந்நிறுவனம் அறிவித்துள்ள உச்ச வேகம், இரண்டு ரேம்களுடன் 5200. நான்கு ரேம்களுடன் 3600 மட்டுமே. ஆதலால் “இப்போது இரண்டு, பின்னர் இன்னும் இரண்டு” என்னும் திட்டம் டிடிஆர்5 இல் சிறந்ததன்று. தேவைப்படும் மொத்த அளவை இரண்டு ரேம்களிலேயே பெற முயலுங்கள்.

6. விலை: ஏன் ஏறியது, என்ன செய்யலாம்?

2025 இன் இலையுதிர்காலம் முதல் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குப் பெருமளவு நினைவகம் தேவைப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம். உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப்பெரும் பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன. அவை கூடுதல் இலாபம் தரும் தரவு மைய நினைவகத்தின் பக்கம் திரும்பும்போது, வீட்டுக் கணினிகளுக்குரியது குறைகிறது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கான தனது குரூஷியல் வணிகத்திலிருந்து விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இச்சூழலில் செலவைக் குறைக்க உதவும் வழிகள் பின்வருமாறு.

• முன்னரே உள்ள டிடிஆர்4 கணினியை மேம்படுத்த முடியுமாயின், அதனையே முதலில் கருதுங்கள். டிடிஆர்5 இற்கு மாறுவதாயின் தாய்ப்பலகையும், பெரும்பாலும் செயலியும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.
• ஒரு கிகாபைட்டின் விலையைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். மொத்த விலையை அளவால் வகுத்தால் போதும். கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: 16 கிகாபைட் 80 பவுண் எனில் கிகாபைட்டுக்கு 5 பவுண்; 32 கிகாபைட் 144 பவுண் எனில் கிகாபைட்டுக்கு 4 பவுண் 50 பென்ஸ். ஆயினும் 16 போதுமாயின், மலிவெனத் தோன்றும் 32 உங்களுக்கு 64 பவுண் மேலதிகச் செலவேயாகும்.
• அலங்கார விளக்குகளுக்கும், உங்கள் தாய்ப்பலகை ஏற்காத வேகத்திற்கும் பணம் கொடுக்காதீர்கள்.
• பழைய ரேமை வாங்குவதாயின், உத்தரவாதம் தரும் வணிகரிடம் வாங்குங்கள். ரேமில் அசையும் பாகம் எதுவுமில்லை. ஆதலால் சரியாகச் சோதிக்கப்பட்ட பழைய ரேம் பல ஆண்டுகள் உழைக்கும்.
• “இன்று மட்டும்” என்னும் அறிவிப்பால் அவசரப்படாதீர்கள். ஐந்து பொருத்தங்களையும் பார்ப்பதற்கு அரைமணி நேரமே தேவைப்படும்.

7. ஓர் எடுத்துக்காட்டு

குட்மேய்ஸில் வாழும் குடும்பமொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூத்த மகள் இவ்வாண்டு ஜிசிஎஸ்இ பரீட்சைக்குத் தயாராகிறாள். வீட்டிலுள்ள மேசைக் கணினியில் ஏஎம்4 தாய்ப்பலகை, இரண்டு ஸ்லாட்டுகள், ஒன்றில் மட்டும் 8 கிகாபைட் டிடிஆர்4-2666 ரேம். மகளின் இணைய வகுப்பும் பாடக் குறிப்புகளும் ஒருங்கே திறந்தால் கணினி திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பயன்பாடு 92 சதவீதம். தந்தை நான்கு விற்பனை அறிவிப்புகளைக் காண்கிறார்.

முதலாவது: 16 கிகாபைட் டிடிஆர்5, விலை குறைப்புடன். தலைமுறை வேறு, ஸ்லாட்டில் நுழையாது.

இரண்டாவது: 16 கிகாபைட் டிடிஆர்4, எல்லாவற்றிலும் மலிவு, பழையது. படத்திலுள்ள தாளில் எண்ணின் பின் “ஆர்” என்னும் எழுத்து. சேவையகத்திற்குரியது, கணினி தொடங்காது.

மூன்றாவது: 8 கிகாபைட் டிடிஆர்4-3600 இரண்டு, வண்ண விளக்குகளுடன். இயங்கும். ஆனால் முன்னரே உள்ள ரேமை ஒதுக்கிவைக்க வேண்டும். பெறும் மொத்த அளவோ 16 கிகாபைட்டே.

நான்காவது: 8 கிகாபைட் டிடிஆர்4-3200 ஒன்று, அலங்காரமற்றது. முன்னதுடன் சேர்ந்து 16 கிகாபைட். இரட்டைத் தடமும் கிடைக்கும். இரண்டும் 2666 வேகத்தில் இயங்கும். இவ்வேலைகளுக்கு அது போதும்.

நான்காவதே உகந்தது. ஆயினும் வெவ்வேறு வேளைகளில் வாங்கிய இரண்டு ரேம்கள் இணைந்து இயங்குவது பெரும்பாலும் நடக்குமேயன்றி, உறுதியானதன்று. ஆதலால் திருப்பிக் கொடுக்கும் உரிமையுள்ள விற்பனையாளரிடம் அதை வாங்குவது அவசியம். அவ்வுரிமை அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

8. வாங்குபவரின் உரிமைகள்

இணையத்தில் வணிகரிடம் வாங்கினால்: 2013 ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளின்படி, பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் கூறாமலே வாங்குதலை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்தபின் பொருளைத் திருப்பியனுப்ப மேலும் 14 நாட்கள் உண்டு. திருப்பியனுப்பும் தபாற்செலவை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கலாம். பொருளுக்குச் சேதம் ஏற்பட்டிருப்பின் தொகையில் கழிவு செய்யப்படலாம். எனவே உறையையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

கடையில் நேரில் வாங்கினால்: “என் கணினிக்குப் பொருந்தவில்லை” என்பதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை இயல்பாகக் கிடையாது, அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. ஆனால் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒரு முக்கியப் பாதுகாப்பைத் தருகிறது. பொருளை எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வணிகரிடம் முன்கூட்டியே தெரிவித்து, அவரது திறனை நம்பி வாங்கியிருப்பின், பொருள் அந்நோக்கத்திற்கு உகந்ததாக இருத்தல் வேண்டும். ஆகவே தாய்ப்பலகையின் முழுப் பெயரைக் காட்டி, “இது இதற்குப் பொருந்துமா?” எனக் கேளுங்கள், இயன்றால் விடையைப் பற்றுச்சீட்டிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் பெறுங்கள்.

பொருள் பழுதானால்: வணிகரிடம் வாங்கிய பொருள் பழுதுடையதாயின், 30 நாட்களுக்குள் அதை நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்கலாம். அதன்பின், பழுதுநீக்கவோ மாற்றித்தரவோ வணிகருக்கு முதலில் ஒரு வாய்ப்பு அளிக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் பழுது, வணிகர் மறுத்து நிறுவாதவரை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும்.

தனிநபரிடம் வாங்கினால்: மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை பொருந்தா. விற்பவர் கூறிய விவரத்துடன் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பதே முதன்மைப் பாதுகாப்பு. எனவே விளம்பரத்தையும் உரையாடலையும் படம்பிடித்து வையுங்கள். ரேம் இயங்குவதை நேரில் காணாமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளைக் கடனட்டையால் வாங்கினால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை வழங்கிய நிறுவனத்திடமும் நீங்கள் கோரிக்கை விடுக்கலாம்.

9. பொருத்துதலும் சோதித்தலும்

• கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். தொடங்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.
• கணினிப் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் ரேமைப் பழுதாக்கக்கூடும். ரேமை விளிம்புகளில் மட்டும் பிடியுங்கள்.
• ஸ்லாட்டின் கிளிப்பைத் திறந்து, வெட்டு நேராக அமைவதைப் பார்த்து, இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். கிளிப் “டக்” என்ற ஒலியுடன் மூடிக்கொள்ளும்.
• டிடிஆர்5 கணினி முதன்முறை தொடங்கும்போது, நினைவகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்வதற்காகத் திரை சில நிமிடங்கள் கருமையாகவே இருக்கலாம். பழுதென எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.
• கணினி தொடங்காவிட்டால், ஒரு ரேமை மட்டும் இட்டுப் பாருங்கள். பின்னர் மற்றதை மட்டும் இட்டுப் பாருங்கள். எது பழுதென்பது தெரியவரும்.
• விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னோஸ்டிக் கருவியாலோ, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளாலோ சோதியுங்கள். ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை நிறுத்தி மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பொருள் வந்த அன்றே இச்சோதனையைச் செய்யுங்கள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மூன்று வாரங்களின் பின் திறப்பவர், 14 நாள் உரிமையை இழந்திருப்பார்.

10. உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

வினா 1: இன்டெல் 13 ஆம் தலைமுறைச் செயலி உள்ளது. டிடிஆர்5 வாங்கலாமா?
விடை: செயலியை மட்டும் கொண்டு கூற இயலாது. தாய்ப்பலகையின் பெயரைப் பார்க்க வேண்டும்.

வினா 2: டிடிஆர்5-5600 சிஎல்28, டிடிஆர்4-3200 சிஎல்16. காத்திருப்பு நேரம் எதில் கூடுதல்?
விடை: இரண்டும் 10 நானோ வினாடி, சமம்.

வினா 3: நினைவகப் பயன்பாடு 45 சதவீதம், கணினி தாமதிக்கிறது. 16 கிகாபைட் மேலும் வாங்கலாமா?
விடை: வேண்டாம். குறை வேறிடத்தில் உள்ளது.

11. வாங்கச் செல்லுமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை

தாய்ப்பலகையின் முழுப் பெயர், செயலியின் பெயர், நினைவகத் தலைமுறை, ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றுள் காலியானவையும், இப்போதுள்ள ரேமின் அளவும் வேகமும், தேவையான மொத்த அளவு, செலவிடக்கூடிய உச்சத் தொகை. இவ்வேழையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தாய்ப்பலகையின் பெயர் தெரியாவிடின், விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் “பேஸ்போர்டு” எனத் தொடங்கும் வரிகளிற் காணலாம். தாய்ப்பலகையின் மீதும் அது அச்சிடப்பட்டிருக்கும்.

12. உள்ளூரில் உதவி

வீட்டுக் கணினி இயங்காத நிலையில், தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பதற்கு குட்மேய்ஸ் லேனிலுள்ள குட்மேய்ஸ் நூலகத்திலும், இல்ஃபர்டிலுள்ள ரெட்பிரிட்ஜ் மத்திய நூலகத்திலும் உள்ள பொதுக் கணினிகளைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் வீட்டுப்பாடம் தடைப்படாதிருக்கவும் அவை உதவும். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வணிகருடன் பிணக்கு ஏற்படின், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இணைப்பை 0808 223 1133 என்னும் இலவச எண்ணில் அழைக்கலாம். பற்றுச்சீட்டு, வாங்கிய திகதி, வணிகருடனான கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

பயன்படாத பழைய ரேமையும் கணினிப் பாகங்களையும் வீட்டுக் குப்பையில் இடாதீர்கள். இயங்குபவற்றைத் தேவையுள்ளோருக்குக் கொடுங்கள். இயங்காதவற்றைச் சிக்வெல் ரோட்டிலுள்ள மறுபயன்பாட்டு, மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள். செல்லுமுன் நுழைவு நிபந்தனைகளைக் கவுன்சில் இணையத்தளத்தில் பாருங்கள். கணினியை முழுமையாகக் கொடுப்பதாயின், சேமிப்பகத்திலுள்ள சொந்தத் தகவல்களை முதலில் அழித்துவிடுங்கள்.